மாணிக்கத்தில் மூன்று, படலத்தில் இரண்டு

லண்டன் பேடிங்டனில் ரயிலேறினால் முக்கால் மணி நேரத்தில் டிட்காட். ஒரு காலத்தில் இந்த ஊருக்கு அடையாளமே நிலக்கரி மின்நிலையத்தின் ஆறு ராட்சதக் கோபுரங்கள்தான். 2014இல் மூன்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள், 2019இல் மீதி மூன்றை, 2020 பிப்ரவரியில் புகைபோக்கியையும். இப்போது ரயிலைவிட்டு இறங்கினால் வெறும் வானம்தான். அங்கிருந்து பேருந்தில் தெற்கே போனால், சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் ஹார்வெல் வளாகம் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில்தான் இருக்கிறது. ஊர் சுற்ற வருகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்விடுகிறார்கள். ஹார்வெல்லுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு, தூக்கம் கெட்ட முகத்தோடு வருகிறார்கள். நான் அப்படி ஒரு குழுவோடு ஒட்டிக்கொண்டு போயிருந்தேன்.

இந்த மண்ணுக்கு ஒரு கனத்த வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் இது விமானத்தளம். 1944 ஜூன் 5 இரவு, நார்மண்டிக் கரையில் படைகள் இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்னால், வழிகாட்டிப் பாராசூட் வீரர்களைச் சுமந்த விமானங்கள் இங்கிருந்து கிளம்பின. அதற்கு ஒரு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். போர் முடிந்ததும் தளத்தை அணு ஆய்வுக்குக் கொடுத்தார்கள். 1947இல் மேற்கு ஐரோப்பாவின் முதல் அணு உலை இங்கேதான் இயங்கத் தொடங்கியது. அணுகுண்டு ரகசியங்களைச் சோவியத்துக்குக் கடத்தியதாக 1950இல் பிடிபட்ட கிளாஸ் ஃபூக்ஸ், அப்போது இங்கே கோட்பாட்டு இயற்பியல் பிரிவின் தலைவர்.

அந்தப் பழைய கட்டடங்களைத் தாண்டிப் போனால் வெள்ளி நிறத்தில், வளைந்து வளைந்து முடிவே இல்லாமல் போகிற ஒரு சுவர். டயமண்ட் லைட் சோர்ஸ். பிரிட்டனின் சின்க்ரோட்ரான். 2007 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே 561.6 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு குழாய். அதில் ஒளியின் வேகத்தை ஏறக்குறைய எட்டிவிட்ட எலக்ட்ரான்கள் நொடிக்கு 5 லட்சத்து 30 ஆயிரம் முறைக்கு மேல் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றின் ஆற்றலும் 3 கிகா எலக்ட்ரான் வோல்ட். வளையம் என்று எல்லோரும் சொல்கிறோமே தவிர அது வட்டமல்ல, 24 நேர்த் துண்டுகளை வளைக்கும் காந்தங்களால் கோத்த ஒரு பலகோணம். அவ்வளவு வேகத்தில் ஓடும் எலக்ட்ரானைத் திருப்பினால் அது தன் ஆற்றலில் கொஞ்சத்தை ஒளியாக உதறிவிட்டுத்தான் திரும்பும். அந்த உதறலுக்காகத்தான் இவ்வளவு பெரிய கட்டடம்.

உள்ளே நுழைந்ததும் காதில் விழுவது பம்புகளின் ரீங்காரம். பேச்சு நின்றதும் அது கேட்கும், பேசத் தொடங்கியதும் மறந்துபோகும். எங்கு பார்த்தாலும் அலுமினியத் தாள் சுற்றிய எஃகுக் குழாய்கள். வெற்றிடம் கெடாமல் இருக்க அவற்றைச் சூடேற்றி உள்ளே ஒட்டியிருக்கும் ஈரத்தை விரட்ட வேண்டும், அதற்குத்தான் இந்தத் தாள். சுவரில் தொங்கும் திரைகளில் ஒரே எண்: 300 மில்லி ஆம்பியர். வளையத்தில் ஓடும் எலக்ட்ரான் ஓட்டம். மெல்ல மெல்ல இறங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புது எலக்ட்ரான்களை ஊற்றி மறுபடி ஏற்றிவிடுவார்கள். இரவு முழுக்க அந்த எண் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது.

இங்கே வேலை செய்யப் பணம் வேண்டாம், முடிவுகளை வெளியிடுவதாக இருந்தால். விண்ணப்பம் போட வேண்டும், சக விஞ்ஞானிகள் அதைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும், தப்பிப் பிழைத்தால் எட்டு மணி நேர ஷிப்டுகளாக நேரம் கிடைக்கும். ராத்திரி, பகல், ஞாயிறு எதுவும் கிடையாது. தூங்க நேரம் கிடைத்தால் தூங்கு, கிடைக்காவிட்டால் காபி குடி என்பதுதான் இங்கே எழுதப்படாத விதி.

என்னைக் கூட்டிப்போன குழுவின் பெட்டியில் இருந்தவை, ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் இருக்கும் சதுரத் துண்டுகள். நிறமில்லாத சஃபயர் படிகத்தின் மேல் சாம்பல் நிறக் கண்ணாடிபோல ஒரு பூச்சு. கொஞ்சம் குரோமியம் கலந்த பிஸ்மத் செலினைடு. கனம் சில பத்து நானோமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய படலத்தை உருக்கி ஊற்றிச் செய்ய முடியாது. காற்றே இல்லாத ஒரு கலனுக்குள் பிஸ்மத்தையும் செலினியத்தையும் தனித்தனியாக ஆவியாக்கி, சூடான சஃபயர்மேல் அணு அணுவாக இறங்கவிட வேண்டும். செலினியம், பிஸ்மத், செலினியம், பிஸ்மத், செலினியம் என்று ஐந்தடுக்கு. கனம் ஒரு நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன்மேல் அடுத்த ஐந்தடுக்கு. ஓர் ஐந்தடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே பிணைப்பு பலவீனமாக இருக்கும். அது எதற்கு உதவுகிறது என்பதைப் பிறகு பார்த்தேன்.

இது டோபாலஜிகல் இன்சுலேட்டர் என்ற வகை. உள்ளே மின்சாரம் கடத்தாது, மேற்பரப்பில் கடத்தியே தீரும். மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தாலும் புதிதாக வெளிப்படும் பரப்பு கடத்தத் தொடங்கிவிடும். கடத்துவது பூச்சின் குணமல்ல, உள்ளே இருக்கும் எலக்ட்ரான் அலைகளின் கணித அமைப்பிலிருந்து தவிர்க்க முடியாமல் விளைவது. பிஸ்மத் செலினைடு இப்படி நடந்துகொள்ளும் என்று 2009இல் கணக்கிட்டுச் சொன்னார்கள், அதே ஆண்டே சோதனையிலும் கண்டார்கள். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட தௌலஸ், ஹால்டேன், கோஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் 2016இல் நோபல் கிடைத்தது. மூவரும் பிறந்தது பிரிட்டனில், பின்னாளில் வேலை பார்த்தது அமெரிக்காவில். இதைச் சொல்லும்போது ஹார்வெல்காரர்கள் முகத்தில் ஒரு சுருக்கம் விழுகிறது.

இதில் குரோமியம் எங்கே வருகிறது? இந்தப் பொருளுக்குள் காந்தத்தன்மையைப் புகுத்தினால், வெளியே காந்தமே இல்லாமல் விளிம்பில் மட்டும் இழப்பில்லாமல் மின்சாரம் ஓடவைக்கலாம் என்பது கணக்கு. 2013இல் பீஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் ஷுவே சிகுன் தலைமையிலான குழு அதைச் செய்து காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டது பிஸ்மத்தும் ஆண்டிமனியும் கலந்த டெல்லுரைடு படலம், அதில் கொஞ்சம் குரோமியம். 30 மில்லி கெல்வின் குளிரில், மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளந்த மின்தடை 25,813 ஓம் என்ற அந்தப் புகழ்பெற்ற எண்ணில் போய் நின்றது. டெல்லுரைடில் பலித்தது செலினைடில் ஏன் அவ்வளவு எளிதாகப் பலிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு போனால், கடைசியில் ஒரு பள்ளிக்கூடக் கேள்வியில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் என்ன?

பிளஸ் டூ வேதியியலில் அந்த எண்ணோடு மல்லுக்கட்டாதவர் யார்? ஆக்சிஜனேற்ற எண் என்பது ஒரு மொய் நோட்டு. எந்த அணு எந்த அணுவுக்கு எத்தனை எலக்ட்ரான் கொடுத்தது என்று முழு எண்ணாக எழுதிவைத்துவிடுகிறோம். பிணைப்பில் அந்த எலக்ட்ரான் இரண்டு பேருக்கும் நடுவே பொதுவாகத் திரிவதை நோட்டு கண்டுகொள்வதில்லை. ஆனாலும் நோட்டு பொய்யும் அல்ல. குரோமியத்தின் குணமே அதில்தான் இருக்கிறது. பொட்டாசியம் டைகுரோமேட்டின் ஆரஞ்சு நிறத்தில் அது +6, கொடிய நஞ்சு. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொட்டிகளில் +3, தோலைப் பதப்படுத்துகிறது. ராணிப்பேட்டையில் மலையாகக் குவிந்துபோன கழிவைப் பற்றி நாம் கவலைப்படுவது அதிலுள்ள +6க்காக. அதே தனிமம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது மாணிக்கம். மாணிக்கக் கல் என்பது சஃபயர்தான். அதாவது அலுமினியம் ஆக்சைடு. நிறமற்ற அந்தப் படிகத்தில் அலுமினியத்தின் இடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குரோமியம் ஏறிக்கொண்டால் கல் சிவந்துவிடுகிறது. அலுமினியம் +3. அதன் நாற்காலியில் உட்கார்ந்த குரோமியமும் +3. ஆக, பெட்டியிலிருந்த துண்டில் அடியில் இருக்கும் சஃபயருக்குள் குரோமியம் போயிருந்தால் அது மாணிக்கம். மேலே இருக்கும் படலத்துக்குள் போனதால் அது ஆராய்ச்சி.

படலத்தில் பிஸ்மத்தும் +3தான். குரோமியம் பிஸ்மத்தின் இடத்தைப் பிடிக்கிறது. அப்படியானால் அதுவும் +3 ஆகத்தான் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். 2014இல் ஆக்ஸ்ஃபோர்டும் டயமண்டும் சேர்ந்த ஒரு குழு எக்ஸ் கதிரால் பார்த்துவிட்டு, இல்லை, +2 என்று எழுதியது. நீரில் கரைந்த +2 குரோமியம் காற்றுப் பட்டால் தாங்காது, உடனே +3க்கு ஓடிவிடும். அப்படி நிலைகொள்ளாத ஒன்று, செலினியங்களுக்கு நடுவே ஒரு படலத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்காதா? நான் கூடப் போனது அந்த மாதிரி அளவீடு எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்கத்தான்.

எங்கள் இடம் ஐ-10 என்ற பீம்லைன், அதாவது வளையத்தின் ஒளியை மாதிரிக்குக் கொண்டுவரும் பாதைகளில் ஒன்று. கடின எக்ஸ் கதிர் பயன்படுத்தும் பக்கத்து இடங்களில் ஈயச் சுவர் அறைக்குள் மாதிரியை வைத்துவிட்டு, உள்ளே ஆள் இல்லை என்று தேடிப் பார்த்து, பொத்தானை அழுத்தி, சைரன் ஒலிக்கக் கதவைச் சாத்துகிறார்கள். இங்கே அந்த ஆர்ப்பாட்டம் இல்லை. குரோமியத்துக்கு வேண்டிய ஒளி 575 எலக்ட்ரான் வோல்ட் அளவுள்ள மென் எக்ஸ் கதிர். சில மில்லிமீட்டர் காற்றே அதை விழுங்கிவிடும். அதனால் வளையத்திலிருந்து மாதிரிவரை எல்லாமே வெற்றிடத்துக்குள். நாம் பக்கத்திலேயே நின்று ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்கலாம்.

அந்தக் கண்ணாடி ஜன்னல் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதன் வழியாகத்தான் அன்றைய இரவின் முக்கியமான காட்சியைப் பார்த்தேன். படலத்தின் மேல் ஒரு குட்டி உலோகக் கம்பத்தைப் பசைபோட்டு நிறுத்தியிருந்தார்கள். படலத்தின் ஓரத்தில் வெள்ளிப் பசை பூசி மாதிரித் தட்டோடு இணைத்திருந்தார்கள். சஃபயர் மின்சாரம் கடத்தாது, அந்த இணைப்பு இல்லாவிட்டால் அளவீடே இல்லை. குழுவில் இருந்த போலந்து மாணவி வெளியே துருத்திக்கொண்டிருந்த நீண்ட கைப்பிடியைப் பிடித்து, உள்ளே அதன் முனையைக் கம்பத்தின் அருகே கொண்டுபோனார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டு. கம்பம் சாய்ந்தது, மேலிருந்த சில ஐந்தடுக்குகளையும் ஒட்டிக்கொண்டு பெயர்ந்தது. பலவீனமான அந்த இடைவெளியில் படலம் பிளந்து, காற்றையே கண்டிராத ஒரு புதுப் பரப்பு வெளியே வந்தது. பழைய பரப்பு மங்கல் சாம்பல், புதியது பளபளப்பு.

“இது எதற்கு? அப்படியே அளந்தால் என்ன?” என்று கேட்டேன்.

“நாம் அளப்பது மேலே நாலைந்து நானோமீட்டரை மட்டும். அங்கே ஆக்சிஜன் ஏறியிருந்தால் குரோமியம் ஆக்சைடைத்தான் அளந்துகொண்டிருப்போம். அது +3 என்று கத்தும், நாமும் நம்பிவிடுவோம்” என்றார் குழுவின் மூத்தவர்.

அதனால் குரோமியத்தைத் தொடும் முன் 543 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் போய் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கோடு ஏறக்குறைய தட்டையாக இருந்தது. டெல்லுரைடு படலங்களில் இந்த வேலை இன்னும் சிக்கல். டெல்லூரியத்தின் உறிஞ்சல் குரோமியத்தினுடையதன் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். ஒன்றின் குரலை மற்றதிலிருந்து பிரித்தெடுப்பதற்குள் விடிந்துவிடும் என்றார் மூத்தவர். செலினைடில் அந்தத் தொல்லை இல்லை.

அளக்கும் முறை நான் நினைத்திருந்ததைவிட எளிமை. எக்ஸ் கதிர் குரோமியத்தின் உள்கூட்டு எலக்ட்ரான் ஒன்றைத் தூக்கி வெளிக்கூட்டில் போடுகிறது. அந்தக் காலி இடம் நிரம்பும்போது எலக்ட்ரான்கள் பரப்பைவிட்டுத் தெறிக்கின்றன. தெறித்த நஷ்டத்தை ஈடுகட்டத் தரையிலிருந்து வெள்ளிப் பசை வழியாக ஒரு நுண்ணிய மின்னோட்டம் ஏறிவரும். அதை ஓர் அம்மீட்டரில் படிக்கிறார்கள், அவ்வளவுதான். அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள இயந்திரத்தின் ஒரு முனையில் ஓர் அம்மீட்டர்! ஒளியின் ஆற்றலைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போக, திரையில் ஒரு கோடு புள்ளி புள்ளியாக வளர்ந்தது. 575 பக்கத்தில் ஒரு பெரிய மேடு, 585 பக்கத்தில் ஒரு சின்ன மேடு.

அந்த மேடு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் விடை. அணுவில் ஓர் எலக்ட்ரான் கூடுதலாக இருந்தால் உட்கருவின் பிடியை அது கொஞ்சம் மறைக்கும். உள்கூட்டு எலக்ட்ரானைக் கிளப்பக் குறைந்த ஆற்றல் போதும். மேடு இடப்பக்கம் நகரும். ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கெனவே +3 என்று தெரிந்த ஒரு குரோமியம் ஆக்சைடையும் அளந்து வைத்திருந்தார்கள். இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார் போலந்து மாணவி. படலத்தின் கோடு இடப்பக்கம் தள்ளி நின்றது. மேட்டின் வடிவமும் வேறு. ஆக்சைடில் பல்வரிசைபோல் எழுந்த சிறு முனைகள் இங்கே மழுங்கிக் கிடந்தன. யாரும் கைதட்டவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார்.

ஒரு கோடு நகர்ந்ததை வைத்து ஓர் எண்ணை மாற்றிவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம். அதற்கு அடுத்த கட்டம் இருக்கிறது. இந்த பீம்லைனின் சிறப்பே அதன் அண்டுலேட்டர்தான். நேர்த் துண்டில் காந்த வரிசைகளுக்கு நடுவே எலக்ட்ரானைச் சுருளாக நெளியவைத்து, இடஞ்சுழி ஒளியாகவோ வலஞ்சுழி ஒளியாகவோ எடுத்துக்கொள்ளலாம். மாதிரியைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து, காந்தப்புலத்தில் வைத்து, இரண்டு சுழிகளிலும் அளந்தால் உறிஞ்சலில் ஒரு வித்தியாசம் தெரியும். கிசெலா ஷுட்ஸ் என்ற ஜெர்மன் பெண் விஞ்ஞானி 1987இல் இரும்பில் முதன்முதலாகக் கண்டது இது. வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அணுவின் காந்தமும் அவ்வளவு பெரிது. +3 குரோமியத்தில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் மூன்று, +2 குரோமியத்தில் நான்கு. 2014 ஆய்வு 5 கெல்வினில் எடுத்த தரவைக் கோட்பாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டபோது கிடைத்த சுழற்சிக் காந்தத் திறன் 3.64 போர் மாக்னெட்டான் (ஜோடி சேராத ஓர் எலக்ட்ரானுக்கு ஏறக்குறைய ஒன்று என்பது கணக்கு). மூன்றைத் தாண்டிவிட்டது, நான்கை எட்டவில்லை. நான் விஞ்ஞானி அல்ல, ஆனால் இந்த 3.64 எனக்கு எந்த முழு எண்ணையும்விட நேர்மையாகப் படுகிறது. மொய் நோட்டு இரண்டு என்று எழுதுகிறது. அணுவோ தன் எலக்ட்ரானில் ஒரு பங்கைச் செலினியத்தோடு பொதுவில் வைத்திருக்கிறது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. குரோமியத்தைச் சுற்றியுள்ள செலினியங்கள், பிஸ்மத்தைச் சுற்றி இருந்ததைவிட 0.36 ஆங்ஸ்ட்ராம் உள்ளே நெருங்கி வந்திருந்தன. அணுக்களின் உலகத்தில் அது பெரிய நகர்வு. குரோமியம் பிஸ்மத்தைவிட மிகச் சிறியது. புது ஆள் ஒல்லியாக இருக்கிறானே என்று வீட்டுச் சுவர்களே நகர்ந்து கொடுத்திருக்கின்றன.

ஷிப்ட் முடிந்ததும் தெற்கே குன்றின்மேல் ஏறினோம். ரிட்ஜ்வே என்ற பழம்பாதை அந்த முகட்டில்தான் போகிறது. இன்று அது 139 கிலோமீட்டர் நடைபாதை. மனிதர்கள் அதில் 5,000 ஆண்டுகளாக நடக்கிறார்கள் என்கிறார்கள். மேற்கே கொஞ்ச தூரம் போனால் அஃபிங்டனில் குன்றின் சரிவைக் கீறிச் சுண்ணாம்பால் வரைந்த 110 மீட்டர் நீள வெள்ளைக் குதிரை. வயது ஏறக்குறைய 3,000. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் புல்லைச் சுரண்டிச் சுண்ணாம்பைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அது எப்போதோ மூடிப்போயிருக்கும். காலில் ஒட்டிய வெள்ளை மண்ணோடு நின்று கீழே பார்த்தால், வயல்களுக்கு நடுவே அந்த வெள்ளி வளையம் மொத்தமாகத் தெரிகிறது. உள்ளே நடக்கும்போது பிடிபடாத அதன் அளவு அங்கேதான் பிடிபடுகிறது. ஆனால் அதற்குள் அளந்த அந்தச் சின்னத் துண்டின் அளவு இன்னும் பிடிபடவில்லை.

காலைச் சாப்பாட்டு மேசையில் சண்டை தொடங்கியது. பிஸ்மத்தின் +3 இடத்தில் +2 குரோமியம் உட்கார்ந்தால் கணக்கில் ஓர் எலக்ட்ரான் குறைகிறது. அந்தப் பற்றாக்குறையை யார் நிரப்புகிறார்கள்? செலினியம் சில இடங்களில் விடுபட்டிருக்கும், அப்படி விடுபட்ட ஒவ்வோர் இடமும் இரண்டு எலக்ட்ரானை விட்டுச்செல்லும், அதுதான் வந்து நிரப்புகிறது என்றார் போலந்து மாணவி. அப்படியானால் குரோமியத்தைக் கூட்டக் கூட்டக் கடத்தும் எலக்ட்ரான்கள் குறைய வேண்டும், குறைகிறதா என்று மடக்கினார் மூத்தவர். அவித்த பீன்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. சமேரியம் ஹெக்சாபோரைடு என்ற இன்னொரு டோபாலஜிகல் பொருளில் சமேரியம் +2க்கும் +3க்கும் நடுவே எங்கோ ஊசலாடுகிறது, அங்கே முழு எண்ணே கிடையாது என்று மூன்றாமவர் எண்ணெய் ஊற்றினார்.

எனக்குப் புரிந்தது ஒன்று. குரோமியம் காந்தத்தைக் கொண்டுவருகிறது, கூடவே தன் கணக்கையும் கொண்டுவருகிறது. காந்தம் மட்டும் போதும், கணக்கு வேண்டாம் என்று ஒதுக்க முடியாது. இழப்பில்லா மின்சாரம் வேண்டுமென்றால் படலத்தின் உட்பகுதி மின்சாரம் கடத்தாமல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எலக்ட்ரான்கள் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்தச் சமன் கெடும். 2013இல் பீஜிங்காரர்கள் பிஸ்மத்தையும் ஆண்டிமனியையும் விகிதம் பார்த்துப் பார்த்துக் கலந்தது இந்தக் கணக்கை நேர் செய்யத்தான்.

சண்டை ஓய்வதற்குள் மாணவி மடிக்கணினியில் அடுத்த விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தார். இந்த முறை குரோமியத்துக்குப் பதிலாக வனேடியம். எம்.ஐ.டி.யில் ஜகதீஷ் மூடேராவின் குழு 2015இல் வனேடியம் சேர்த்த படலத்தில் அதே இழப்பில்லா ஓட்டத்தை இன்னும் துல்லியமாகக் காட்டியிருக்கிறது.

“அது என்ன எண்ணைச் சொல்லும்?” என்றேன்.

“பாடப்புத்தகப்படி மூன்று. நம் மூத்தவர் மூன்று என்கிறார். நான் கீழே வரும் என்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம்?” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

மூன்றுக்குக் கீழே என்று ஒரு காபி பந்தயம் கட்டினேன். மூத்தவர் உடனே இரண்டாக ஏற்றினார்.